வேர் எட்டாத தூரம்

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும் நாட்களில் தென்பெண்ணையாற்றின் மேல் வெள்ளை நுரை குன்று குன்றாக எழும்பி நிற்கும். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து வரும் நீர் அது. சலவைத்தூளின் மிச்சம் நுரையாகிக் கண்ணில் படுகிறது. அதே நீரில் கரைந்து வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கண்ணில் படுவதில்லை. நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை கொழுத்துப் படர்வதைப் பார்த்துத்தான் அவற்றை அறிய வேண்டும்.

அணைக் கால்வாய் ஏறாத மேட்டு நிலத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஓசூர் வட்டாரத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கண்ட மாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. இருப்பது பூட்டுக்குள் இருக்கிறது. தழைச்சத்தாவது நைட்ரேட்டாக மாறி, மண்ணின் ஈரத்தோடு நகர்ந்து வேரிடம் வந்துவிடும். மணிச்சத்து அப்படி நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த வளையம் வெறுமையாகிவிடும். அதற்கு அப்பால் கிடப்பது செடிக்கு அடுத்த ஊர்ச் சந்தையில் கிடப்பது மாதிரிதான்.

ஆனாலும் அங்கே ராகி விளைகிறது. மூட்டை மூட்டையாக டிஏபி வருவதற்கு முன்பும் விளைந்தது. அந்த ஓரிரு மில்லிமீட்டரை ராகி எப்படித் தாண்டுகிறது?

ஒரு ஆவணி மாதம், மழை விட்ட காலையில், ராகிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

“இன்னாங்க தேடறீங்க, புழுவா?”

“பூஞ்சைங்க.”

“அது வந்தா செடி செத்துப்பூடுமே!”

அவர் சொன்னதில் தவறில்லை. குலை நோய், வேர் அழுகல், தக்காளிக் கருகல் என்று விவசாயிக்கு அறிமுகமான பூஞ்சைகள் எல்லாம் பயிரைத் தின்பவை. பயிர் நன்றாக இருக்கும்போது அதன் வேருக்குள் இருக்கும் பூஞ்சையை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

செல்லுக்குள் ஒரு குட்டி மரம்

தேடிப் பார்ப்பது கடினமான காரியமும் அல்ல. மெல்லிய வேர்த்துண்டுகளைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் நீக்க வேண்டும். பிறகு வினிகர் கலந்த பேனா மையில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் போதும். கல்லூரி ஆய்வகத்தின் சாதாரண நுண்ணோக்கியிலேயே நீல இழைகள் தெரியும். அவை வேர்ச் செல்களுக்கு இடையில் ஓடி, சில இடங்களில் செல்லின் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். ஒரு செல்லுக்குள் ஒரு குட்டி மரம்.

இதற்குப் பெயர் அகவேர்ப் பூஞ்சை. வேளாண் பல்கலைக்கழகத்தின் கையேடுகள் இதை ‘வேம்’ என்கின்றன. உரக்கடையிலும் அந்தப் பெயர்தான். நிலத் தாவர இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தக் கூட்டாளியை வைத்திருக்கின்றன. ராகி, சோளம், துவரை, தக்காளி, மிளகாய், ரோஜா, மா, புளி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

கொடுக்கல் வாங்கல் நடக்கும் கடை அந்தக் குட்டி மரம்தான். வெளியே மண்ணில் ஓடும் பூஞ்சை இழை, வேரின் தூவியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளில் அது நுழையும். வெறுமையான வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போகும். அங்கிருந்து மணிச்சத்தைச் சுமந்து வந்து செல்லுக்குள் ஒப்படைக்கும். கூலியாகச் செடி சர்க்கரை தருகிறது. 2017-இல் வெளியான ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: கொழுப்பும் தருகிறது. இந்தப் பூஞ்சைக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்கும் மரபணுக்கள் இல்லை. உயிருள்ள வேர் இல்லையேல் அதற்குப் பிழைப்பு இல்லை. அந்தக் குட்டி மரங்களுக்கும் ஆயுள் சில நாட்களே. கடை மூடும், வேறொரு செல்லில் திறக்கும்.

கூட்டாளியைக் கூப்பிடுவது செடிதான். மணிச்சத்துப் பற்றாக்குறை வந்ததும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருளை மிக நுண்ணிய அளவில் மண்ணில் கசிய விடுகிறது. அதன் வாடை பட்டதும் அருகிலுள்ள பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நோக்கி வருகிறது. இது ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியது. ஆனால் அந்தப் பொருளின் பெயர் பூஞ்சையிலிருந்து வரவில்லை. சோளக்கொல்லையைப் பாழாக்கும் சுடுமல்லிக் களையிலிருந்து வந்தது. சுடுமல்லியின் விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நண்பனுக்கு வேர் அனுப்பும் அழைப்பைத் திருடன் ஒட்டுக்கேட்பது போல, அதே வாடையை உணர்ந்து முளைத்து, வேரைக் கவ்விக்கொள்ளும். இத்தனை ஆபத்து இருந்தும் செடி அழைப்பை நிறுத்தவில்லை. அந்தக் கூட்டின் மதிப்பு அப்படி.

அதன் வயதும் அப்படியே. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில், சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுக் கரையில் கல்லாகிப்போன செடிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் செல்களுக்குள்ளும் அதே குட்டி மரம் இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேர் கிடையாது. தாவரம் வேர் விடக் கற்பதற்கு முன்பே பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொண்டது.

வடகோடியில் வேறு கணக்கு

இந்தக் கூட்டைப் பற்றி அறிவியல் முதலில் படித்தது ஐரோப்பியக் காடுகளில்தான். விலையுயர்ந்த ட்ரஃபிள் காளானைப் பயிரிட வழி உண்டா என்று பார்க்கும் பொறுப்பு பெர்லினில் இருந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்கிடம் வந்தது. காளானை வளர்க்க அவரால் முடியவில்லை. ஆனால் மரங்களின் வேர்நுனிகளைத் தோண்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு நுனியும் பூஞ்சையால் ஆன உறை போட்டிருப்பதைக் கண்டார். 1885-இல் அதற்கு ‘மைகோரைசா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை. இது நோயல்ல, மரத்துக்கு ஊட்டும் செவிலி என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. கெலவரப்பள்ளிப் பெரியவருக்கு வந்த ஐயம்தான் அவர்களுக்கும்.

ஃபிராங்க் பார்த்தது வேறு வகை. இந்தப் பூஞ்சை வேர்ச் செல்லுக்குள் நுழைவதில்லை. வேர்நுனிக்குக் கையுறை மாட்டியதுபோல் வெளியே மூடிக்கொண்டு, செல்களுக்கு நடுவில் மட்டும் வலை பின்னுகிறது. இது புறவேர்ப் பூஞ்சை. மழை வந்தால் தரைக்கு மேல் காளானாக முளைப்பதும் இதுதான். பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், பிர்ச் என்று ஸ்வீடன் முதல் சைபீரியா, கனடா வரை விரியும் வடகாடுகளின் மரங்கள் இந்த வகையை நம்பித்தான் நிற்கின்றன.

அங்கே மண்ணின் நெருக்கடி வேறு. ஆண்டின் பெரும்பகுதி குளிர். உதிர்ந்த ஊசியிலை மட்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். தழைச்சத்து முழுவதும் அந்த மட்காத சருகுக்குள் அடைபட்டுக் கிடக்கும். புறவேர்ப் பூஞ்சைகளில் பல, சருகைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து, அந்த அடைப்பை உடைத்துத் தழைச்சத்தை எடுத்து மரத்துக்குத் தருகின்றன. நம் செம்மண்ணில் பூஞ்சையின் வேலை தூரத்திலிருந்து சுமந்து வருவது. வடகாட்டில் அதன் வேலை பூட்டை உடைப்பது. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே போகப் போக மண்ணின் பற்றாக்குறை மாறும், அதற்கேற்பக் கூட்டாளியும் மாறும் என்று பிரிட்டிஷ் தாவரவியலாளர் டேவிட் ரீட் நெடுங்காலம் முன்பே கணித்தார். 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த உலக வரைபடம், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டு அளவீடுகளைக் கொண்டு அதைப் பெரிதும் உறுதி செய்தது. தாவர இனங்களில் வெறும் 2 சதவீதம்தான் புறவேர்ப் பூஞ்சை வைத்திருக்கின்றன. ஆனால் உலகில் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினால் சுமார் 60 சதவீதம் அந்த வகை. வடகாடு அவ்வளவு பெரியது.

மரம் இதற்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு? வட ஸ்வீடனில் பீட்டர் ஹோக்பெரி குழுவினர் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்தார்கள். இலையில் உண்டாகும் சர்க்கரை கீழே இறங்குவது பட்டை வழியே என்பதால், அந்த வளையத்தோடு வேருக்கும் பூஞ்சைக்கும் படி நின்றது. மண்ணிலிருந்து வெளிவரும் கரியமில வாயு 5 நாளில் 37 சதவீதம் வரை குறைந்தது. ஓரிரு மாதத்தில் சுமார் 54 சதவீதம். 2001-இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன், காட்டு மண்ணின் மூச்சில் பழைய சருகு மட்குவதால் வருவது எவ்வளவு என்பது தெளிவாக இல்லை. பாதிக்கு மேல் அன்றாடம் இலையிலிருந்து இறங்கும் புதுச் சர்க்கரையின் மூச்சு என்று தெரிந்தது.

அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு திரும்பி வருவதில்லை. பூஞ்சை இழைகள் செத்து மண்ணிலேயே தங்குகின்றன. ஸ்வீடனின் ஏரித்தீவுகளில் கரினா கிளெம்மென்சன் குழு நடத்திய ஆய்வு 2013-இல் வந்தது. அங்கே மண்ணில் சேர்ந்துள்ள கரிமத்தில் 50 முதல் 70 சதவீதம் மேலிருந்து விழுந்த சருகிலிருந்து வந்ததல்ல. வேரும் வேரைச் சார்ந்த நுண்ணுயிர்களும் கீழிருந்து சேர்த்தது. வடகாட்டின் கரிமக் கிடங்கைக் கட்டியதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூலியாட்களுடையது.

நந்தி மலையிலிருந்து வந்த இரண்டு

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். யூக்கலிப்டஸ் மரம் இந்தியாவில் முதலில் ஊன்றப்பட்டதும் அங்கேதான், திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில் என்பார்கள். ஊட்டிப் பக்கம் அது வந்தது 1843-இல். அந்த ஆறும் அந்த மரமும் இன்று எல்லையைத் தாண்டி ஓசூர் வட்டாரம் வரை வந்திருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்தப் பக்கத்தில் தைல மரம் என்றாலும் புரியும், நீலகிரி மரம் என்றாலும் புரியும்.

வடகாட்டு வகைப் பூஞ்சையை இந்த வறண்ட நாட்டில் காண வேண்டுமானால் தைல மரத் தோப்புக்குத்தான் போக வேண்டும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் உசில், வேல், வெட்பாலை போன்றவை அகவேர்ப் பூஞ்சையோடு வாழ்பவை. தைல மரமோ இரண்டு வகையோடும் கூட்டு வைக்கும். நாற்றாக இருக்கையில் பெரும்பாலும் அகவேர்ப் பூஞ்சை. வளர வளரப் புறவேர்ப் பூஞ்சை கை ஓங்கும். மழைக்குப் பின் தோப்பில் நடந்தால் பிசோலிதஸ் என்னும் பூஞ்சையின் காய் தென்படலாம். கரடுமுரடான உருளைக்கிழங்கு பாதி மண்ணில் புதைந்தது போலிருக்கும். இளசாக அறுத்தால் கறுப்புப் பசையில் பட்டாணி பதித்தது போன்ற அறைகள் தெரியும்; முற்றினால் காலால் இடறியதும் பழுப்புத் தூள் பறக்கும். ஆஸ்திரேலிய மரத்தோடு அதன் பூஞ்சையும் உலகம் சுற்றியிருக்கிறது.

பூஞ்சை கூட வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பைன் மரங்கள் காட்டின. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பைன் நாற்றுகள் முளைத்து, மஞ்சளித்து, வளராமல் நின்றன. உரம் போட்டும் தேறவில்லை. பழைய பைன் காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து கலந்த பிறகே பச்சை பிடித்தன. நீலகிரி மலையின் பைன் தோப்புகளில் எந்தெந்தக் காளான் எந்த வேரோடு கூட்டு வைத்திருக்கிறது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் அவரது மாணவர்களும் பதிவு செய்தார்கள். கொடைக்கானல் பைன் தோப்பில் வெள்ளைப் புள்ளியிட்ட செங்குடைக் காளானைப் பார்த்து வியப்பவர்கள் பார்ப்பது ஐரோப்பியக் கதைப் புத்தகங்களில் வரும் அதே காளானைத்தான். மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தது.

காட்டு வலையும் அக்கடிச் சாலும்

வேர்ப்பூஞ்சை பற்றி இன்று பலரும் அறிந்த கதை, மரங்கள் பூஞ்சை இழை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது என்பது. இதன் ஊற்று கனடாவில் சூசான் சிமார்ட் செய்து 1997-இல் வெளியிட்ட சோதனை. பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் தனித்தனி அடையாளமிட்ட கரிமத்தைக் கொடுத்தபோது, நிழலில் நின்ற ஃபிர்ருக்கு பிர்ச்சிலிருந்து கரிமம் போய்ச் சேர்ந்தது. ‘நேச்சர்’ அதை அட்டையில் போட்டது. பிறகு கதை சோதனையை விட்டு விலகித் தனியாக வளர்ந்தது. 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் வேறு இருவரும் பழைய ஆய்வுகளைத் திரும்பப் படித்து, காட்டில் அத்தகைய இணைப்புகள் எவ்வளவு பரவலானவை, அவை மரக்கன்றுகளுக்கு உண்மையில் உதவுகின்றனவா என்பதற்குச் சான்று மெலிந்தது என்று எழுதினார்கள். பூஞ்சை வலை இல்லை என்பதல்ல அவர்கள் வாதம். அதற்குத் தாய்ப்பாசம் ஏற்றியது அவசரம் என்பதுதான்.

பூஞ்சைக்குப் பாசம் தேவையில்லை, கணக்கு போதும். 2011-இல் டோபி கியர்ஸ் குழு ஆய்வகத்தில் காட்டியது அதைத்தான்: அதிக மணிச்சத்து தரும் பூஞ்சைக்குச் செடி அதிக சர்க்கரை தருகிறது, அதிக சர்க்கரை தரும் வேருக்குப் பூஞ்சையும் அதிகம் தருகிறது. கிராமத்துச் சந்தையில் வாடிக்கை வைத்துக்கொள்வது மாதிரி.

இந்த வலையைப் பற்றிய தெளிவான சான்றுகளில் ஒன்று, கெலவரப்பள்ளி மேட்டு நிலத்தில் நாம் பார்த்த அதே பயிரில் கிடைத்திருக்கிறது. ராகி விதைக்கும்போது ஐந்தாறு சாலுக்கு ஒரு சால் துவரையோ அவரையோ கடுகோ போடுவது எல்லையின் இரு பக்கத்துக்கும் பொது. கன்னடத்தில் அக்கடிச் சால் என்பார்கள். ராகியின் வேர் மேலோட்டமாகப் படரும்; துவரையின் ஆணிவேர் ஆழம் போகும். இரவில் இலைத்துளைகள் மூடி நீர் இழுப்பது நின்றதும், ஆழத்து ஈரம் துவரையின் வேர் வழியாக ஏறி மேல்மண்ணில் கசியும். ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் தேவேஷ் சிங், மதிமாறன், தாமஸ் போலர், அன்ஸ்கார் காமென் ஆகியோர் துவரையையும் ராகியையும் சேர்த்து வளர்த்து, ஐசோடோப்பு அடையாளமிட்ட நீரின் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். பூஞ்சை இழை இரு செடியையும் இணைத்திருந்தபோது துவரை ஏற்றிய நீர் வறட்சியில் நின்ற ராகியை எட்டியது. 2019-இல் வெளியான இந்த ஆய்வு அதை ‘உயிர்ப் பாசனம்’ என்று அழைத்தது.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னொரு உண்மையையும் மறைக்காமல் எழுதியது. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது துவரை ராகியோடு கடுமையாகப் போட்டி போடுகிறது. வறட்சி வந்தால்தான் அதன் துணை ராகியைப் பிழைக்க வைக்கிறது. கூட்டின் விதியைத் தீர்மானிப்பது மண்ணில் எது குறைவு என்பதே. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்திலும் கொல்லிமலையிலும் நடந்த வயல் சோதனைகளில், நடவுத் துவரையோடு ராகியை ஊடுபயிராக்கி, அகவேர்ப் பூஞ்சையும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் இட்டபோது, ரசாயன உரத்தைக் குறைத்தும் விளைச்சல் கூடியது. இந்தியாவில் வேர்ப்பூஞ்சை ஆய்வின் முன்னோடியான டி.ஜே. பாக்யராஜ் பணியாற்றியது அந்த ஜிகேவிகேயில்தான். இந்த ஆய்வுக் குழுவிலும் அவர் இருந்தார்.

கூட்டாளியை வெளியேற்றும் வழிகள்

மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் செடி அழைப்பு விடுவதை நிறுத்திக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டும் டிஏபியும் அளவுக்கு மேல் கொட்டிய நிலத்தில் வேருக்குள் பூஞ்சை அருகிவிடும். பசுமைக்குடிலில் சொட்டுநீர்க் குழாயோடு சத்தைக் கரைத்து ஊட்டப்படும் ரோஜாவுக்குப் பூஞ்சையிடம் கடன் வாங்கும் அவசியம் இல்லை. உர மூட்டை வந்துகொண்டிருக்கும் வரை.

பயிர்ச் சுழற்சியும் இதில் பேசும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகிய குடும்பமும், பீட்ரூட், கீரைகளின் குடும்பமும் அகவேர்ப் பூஞ்சையோடு சேராதவை. ஓசூர் காய்கறிச் சந்தையின் முக்கியச் சரக்கே இவைதான். ஒரே நிலத்தில் கோஸுக்குப் பின் பீட்ரூட், அதன்பின் மறுபடி கோஸ் என்று போட்டால் பூஞ்சைக்கு ஆண்டு முழுக்கப் பட்டினி. நெடுநாள் தரிசு போட்டாலும் அதே கதி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப் பிறகு விதைத்த பயிர், ஈரம் இருந்தும் சத்துக் குறைந்து சோர்ந்ததற்கு மண்ணில் பூஞ்சை அருகியதே காரணம் என்று கண்டார்கள். அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். தொழிற்பேட்டைக்காக மேல்மண்ணை வழித்தெடுத்த இடத்தில் மரக்கன்று நட்டால், கன்று கேட்கும் கூட்டாளி அந்த மண்ணோடு லாரியில் ஏறிப் போயிருக்கும்.

கடையில் வேம் பாக்கெட் கிடைக்கிறது. நாற்றங்காலில், அதுவும் நுண்ணுயிர் கொன்ற மண்ணில், அது நன்றாகவே உதவும். ஆனால் உயிருள்ள வேர் இல்லாமல் வாழ முடியாத உயிரைப் பாக்கெட்டில் வாங்கி, வேரே இல்லாத கோடைத் தரிசில் போட்டுப் பயன் என்ன?

அன்று வரப்பில் நின்ற பெரியவரிடம் துவரைச் சால் ஏன் என்று கேட்டேன். “ராகி பூட்டாலும் தொவரை நிக்கும்ங்க” என்றார். ஒன்று போனால் ஒன்று என்ற காப்பீட்டுக் கணக்கு. அந்தச் சொல்லில் அவர் எண்ணாத இன்னொரு பொருளும் இருக்கிறது. ராகி அறுவடையாகி, களத்துக்குப் போய், தாளும் காய்ந்த பிறகு, மார்கழிப் பனியிலும் தைக் குளிரிலும் அந்தக் கொல்லையில் பச்சையாக நிற்பது துவரை மட்டுமே. அதன் வேர்தான் அப்போது மண்ணுக்குள் சர்க்கரை இறக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த ராகி முளைக்கும்போது அந்த ஓரிரு மில்லிமீட்டருக்கு அப்பால் போய் வர ஆள் இருப்பதற்கு, இந்த ஒரு சால் போதுமானதாக இருந்திருக்கிறது.